தராசாய் மிதந்த பாலம்

கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றை நோக்கிப் போனால் கிராண்ட்பாஸ் வரும். மூன்று மொழியிலும் அந்த இடத்தின் பெயர் ஆறு கடப்பதைத்தான் சொல்கிறது. கிராண்ட்பாஸ் என்றால் பெரிய கடவை. சிங்களத்தில் தொட்டலங்க, அதாவது துறைக்குப் பக்கத்து இடம். தமிழில் பாலத்துறை. பாலமும் துறையும் ஒட்டிக்கிடக்கும் இந்தப் பெயருக்கு ஏற்ற பாலம் ஒன்று அங்கே 73 ஆண்டுகள் இருந்தது. அதற்குத் தூண் இல்லை, அத்திவாரம் இல்லை. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

அந்தப் படகுப் பாலம் திறந்தது 1822இல். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1818 கிளர்ச்சியும் அடக்கப்பட்ட பிறகு, மலைநாட்டுக்குப் படையும் பீரங்கியும் விரைந்து போக அவர்களுக்கு ஒரு வீதி வேண்டியிருந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சியில் கொழும்பு - கண்டி வீதி வெட்டப்பட்டது. அந்த வீதிக்குக் கொழும்பு வாசலிலேயே நின்ற தடை களனி ஆறு. மழைக்காலத்தில் ஒரே இரவில் ஏறும் ஆறு. அடியில் மணலும் சேறும். கரைக்குக் கரை படகுகளை வரிசையாக நிறுத்தி, நங்கூரம் போட்டு, மேலே உத்திரமும் பலகையும் பரப்பினார்கள். ஆற்றில் மேலும் கீழும் போகும் சரக்குப் படகுகளுக்காக நாளில் குறித்த நேரத்தில் நடுவிலுள்ள படகுகளை விலக்கி வழிவிட்டார்கள். அந்த நேரம் முழுவதும் மாட்டுவண்டிகள் இரு கரையிலும் காத்து நின்றன.

இந்தப் பாலத்துக்கு, தூணில் நிற்கும் எந்தப் பாலத்துக்கும் இல்லாத ஒரு குணம் இருந்தது. ஏறிய பாரம் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி ஒரு படகின் மேல் வந்ததும் அந்தப் படகு அமிழும். அடுத்ததற்கு நகர்ந்ததும் முதல் படகு எழும்பும், அடுத்தது தாழும். ஒரு தொன் பாரம் ஒரு கனமீற்றர் தண்ணீரை விலக்க வேண்டும். படகின் நீர்மட்டப் பரப்பு 20 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒரு தொன் ஏறியதும் படகு 5 சென்ரிமீற்றர் தாழும். இரண்டு தொன்னுக்கு 10. பக்கத்துப் படகுகள் தாங்கிக்கொள்ளும் பங்கை இந்தக் கணக்கில் விட்டுவிடலாம். படகின் பக்கப் பலகையில் ஈரக்கோடு எந்த இடம் வரை ஏறியது என்று பார்த்தாலே வண்டியின் எடை தெரிந்துவிடும். பாலமே ஒரு தராசு.

அந்தத் தராசை அன்றைக்கு யாரும் எடைபோடப் பயன்படுத்தியதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் வண்டிகளை எண்ண ஆட்கள் இருந்தார்கள். வீதிகளிலும் பாலங்களிலும் ஆயம் வாங்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. அதிக தொகை கேட்டவர் குத்தகைக்காரர். வசூல் அவருடையது, நட்டம் வந்தால் அதுவும் அவருடையது. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டில் தலையெடுத்த பணக்காரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் காசு சாராயக் குத்தகையிலும் ஆயக் குத்தகையிலும் சேர்ந்ததை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன விரிவாக எழுதியிருக்கிறார். ஏலத்தில் கை தூக்கும் முன் அந்த மனிதர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருந்திருக்க வேண்டும்: எந்த மாதத்தில் எத்தனை வண்டி வரும், கோப்பி இறங்கும் காலம் எது, ஆறு பெருகி வழி அடைபடும் நாட்கள் எத்தனை. இன்றைக்குப் பொறியியலாளர்கள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்று சொல்வதை அவர்கள் தங்கள் மடிக்காசை வைத்துச் செய்தார்கள்.

அதே கண்டி வீதியின் மறுமுனையில், பேராதனையில், மகாவலிக்குக் குறுக்கே 1833இல் இன்னொரு பாலம் எழுந்தது. முழுக்க முதிரை மரம். 205 அடிக்கு ஒரே வளைவு. ஆணியோ திருகாணியோ கிடையாது. 1905 வரை அது நின்றது. முதிரை உறுதியான மரம்தான். ஆனாலும் மரப்பாலமும் படகுப் பாலமும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு மரத்தின் உறுதி மட்டும் காரணம் ஆகாது. அந்த வீதியில் பாரத்துக்கு எல்லை வைத்தது எருதின் தோள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு சோடி மாடு எத்தனை அந்தரை இழுக்குமோ அதற்கு மேல் ஒரு அந்தர் கூட ஏற்ற எவராலும் முடியாது. அந்தர் என்பது 112 இறாத்தல். இருபது அந்தர் ஒரு தொன். கொழும்புக் கடைக்காரர்களும் நாட்டாமிகளும் நெடுங்காலம் பாரத்தை எண்ணியது அந்தக் கணக்கில்தான். ஆசை மிகுந்த வியாபாரி கூடுதலாக இரண்டு மூட்டை ஏற்றினால் மாடு படுத்துவிடும். பாலத்தைக் காப்பாற்றச் சட்டம் தேவைப்படவில்லை.

1865இல் அம்பேபுஸ்ஸ வரைக்கும் 1867இல் கண்டி வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும் கோப்பி மூட்டைகள் வண்டியிலிருந்து ரயில் பெட்டிக்கு மாறின. 1895இல் படகுகளை அகற்றிவிட்டு விக்டோரியா பாலம் வந்தது. மகாராணியின் பெயர் பாலத்துக்கு. 19ஆம் நூற்றாண்டு முடிகிற வேளையில் கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ் வரை மின்சார ட்ராமும் ஓடியது. ஆறு பெருகினாலும் இனி வழி நிற்காது என்று ஊர் நிம்மதி அடைந்திருக்கும். ஆனால் அந்த நாளோடு ஒரு காட்சி மறைந்தது. இரும்புப் பாலமும் பாரம் ஏறினால் தாழத்தான் செய்கிறது, மில்லிமீற்றர் கணக்கில். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. பிறகு மோட்டார் லொறி வந்து எருதின் தோள் வைத்திருந்த எல்லையையும் நீக்கிவிட்டது. இயந்திரம் களைத்துப் படுக்காது. பாரம் பெருகத் தொடங்கிய காலமும் பாரம் கண்ணுக்கு மறைந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

சரி, கட்டுகிறவர்கள் எந்தப் பாரத்தை மனதில் வைத்துக் கட்டினார்கள்? பிரித்தானியாவில் 1922இல் போக்குவரத்து அமைச்சு வகுத்த கணக்கு, இன்றைய வாசகருக்கு ஒரு பழைய படக்காட்சி போல இருக்கும். 20 தொன் எடையுள்ள ஒரு இழுவை இயந்திரம். அதன் பின்னால் ஒவ்வொன்றும் 13 தொன் எடையில் மூன்று பெட்டிகள். அந்த ஊர்வலம் பாலத்தில் ஏறினால் தாங்கவேண்டும், அதிர்ச்சிக்காகவும் பாரம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீராவி இயந்திரங்கள் வீதியில் ஓடிய நாட்டுக்கு அது நியாயமான கணக்கு. காலப்போக்கில் அந்த ஊர்வலம் ஒரு வளைகோடாக மாறியது. வளைகோடு, மீற்றருக்கு இத்தனை பாரம் என்ற விதியானது. 1978இன் பிரித்தானிய நியமத்தில், 30 மீற்றர் வரையான நீளத்துக்கு ஒரு தடத்தில் மீற்றருக்கு ஏறக்குறைய 3 தொன், அதோடு குறுக்கே ஒரே கோட்டில் விழும் 12 தொன். இலங்கையின் வீதி அபிவிருத்தி அதிகார சபை 1997இல் வெளியிட்ட பால வடிவமைப்புக் கைநூலும் அந்த நியமத்தை ஒட்டியே நடக்கிறது. பிரித்தானியர்களோ தங்கள் லொறிகளை மறுபடி எடைபோட்டுப் பார்த்து, பழைய எண்கள் போதாது என்று கண்டு, 1980களிலேயே அவற்றை உயர்த்திவிட்டார்கள்.

இரவல் எண் தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. கைநூலை எழுதியவர்கள் பொறுப்பானவர்கள். நல்ல பாதுகாப்பு இடைவெளி வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளியில் எவ்வளவு ஏற்கனவே கரைந்துவிட்டது என்று அறிய, இந்த ஊர் வீதியில் ஓடும் இந்த ஊர் லொறியைத்தான் எடைபோட வேண்டும்.

எடை மாறியது தெரியாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றில் ஒரு சாட்சி இருக்கிறது. சில்வர் பிரிட்ஜ் என்ற பாலம் அங்கே 1928இல் திறந்தது. அது வடிவமைக்கப்பட்ட நாளில் சாதாரணக் காரின் எடை 1,500 இறாத்தல். லொறிக்குச் சட்டம் விதித்த உச்சம் 20,000 இறாத்தல். 1967இல் காரின் எடை 4,000 இறாத்தலாகவும் லொறியின் உச்சம் 60,000 இறாத்தலாகவும் ஏறியிருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 15 மாலை, வாகனங்கள் நெருக்கியடித்து நின்றபோது, ஓர் இரும்புச் சட்டத்தின் கண்ணில் இருந்த சிறு வெடிப்பு முறிவாகியது. 46 பேர் ஆற்றோடு போனார்கள். வெடிப்பு சில மில்லிமீற்றர்தான். நாற்பது ஆண்டுகளாக மேலே ஓடிய ஒவ்வொரு சக்கரமும் அந்தச் சட்டத்தை இழுத்துத் தளர்த்தியிருந்தது.

மறுபடி கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வருவோம். கொட்டாஞ்சேனைப் பக்கத்திலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் காலி வீதிக்கு வந்து சேரலாம். வெள்ளவத்தை இரண்டு கால்வாய்ப் பாலங்களுக்கு நடுவே கிடக்கும் ஊர். வடக்கே சவோய் தியேட்டர் பக்கம் ஒன்று, தெற்கே தெஹிவளை எல்லையில் ஒன்று. மேற்கே கடல். காலி வீதியால் ஊருக்குள் வரும் அரிசி, சீமெந்து, பஸ், எல்லாம் இந்தச் சிறு பாலங்களில் ஒன்றைத் தாண்டியே ஆகவேண்டும். ஆனால் பாலம் வந்தது என்று பஸ்ஸில் இருப்பவருக்குத் தெரியாது. அடியில் தட் என்று ஒரு சத்தம், உடனே இன்னொரு தட். முன் அச்சு, பின் அச்சு. அவ்வளவுதான்.

அந்தத் தட்டில் ஒரு பாடம் இருக்கிறது. இப்படியான குட்டைப் பாலத்துக்கு ஒரு லொறியின் மொத்த எடை பெரிய விஷயமில்லை. முழு லொறியும் ஒரே நேரத்தில் அதன் மேல் நிற்க இடமிருக்காது. ஒரு அச்சில், அல்லது நெருக்கமாகக் கோத்த இரண்டு அச்சுகளில், எவ்வளவு பாரம் என்பதே அதன் கவலை. பத்துப் பதினைந்து மீற்றர் நீளமுள்ள பாலத்துக்கு முழு லொறியும் கணக்கில் வரும். நூறு மீற்றரைத் தாண்டினால் கதையே வேறு. தனி லொறி அங்கே தூசு. நெரிசலில் பம்பரோடு பம்பர் இடித்துக்கொண்டு நிற்கும் வரிசையில் எத்தனை கனத்த வாகனங்கள் கலந்திருக்கின்றன என்பதுதான் அதைச் சோதிக்கும். வேகமாய் ஓடும்போது இடைவெளி விட்டு ஓடும் வாகனங்கள், நின்றுவிட்டால் நெருங்கிவிடும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்துக்கும் களனிப் பாலத்துக்கும் ஒரே தரவு போதாது. ஒன்றுக்கு அச்சு எடை வேண்டும். மற்றதற்கு வரிசையின் எடை வேண்டும்.

இந்த எண்களை எப்படிப் பிடிப்பது? வீதியோரத்தில் தராசு வைத்து லொறிகளை நிறுத்தினால் உண்மை வராது. தராசு இருக்கிறது என்ற செய்தி சாரதிகளிடையே அரை மணி நேரத்தில் பரவும். கூடுதல் பாரக்காரர்கள் தேநீர்க் கடையில் ஒதுங்கிவிடுவார்கள். அதனால்தான் ஓடும் வண்டியை ஓடவிட்டே எடைபோடும் முறை வந்தது. வீதியின் தோலுக்கடியில் உணரிகளைப் பதித்தால் மேலே போகும் ஒவ்வொரு அச்சின் பாரமும், அச்சுகளுக்கிடையே உள்ள தூரமும், வேகமும் பதிவாகும். 1979இல் அமெரிக்காவில் பேராசிரியர் ஃபிரெட் மோசஸ் இதை இன்னொரு படி முன்னே கொண்டுபோனார். வீதியைத் தோண்டவே வேண்டாம். பாலத்தின் உத்திரத்துக்கு அடியில் மெல்லிய உணரிகளை ஒட்டி, லொறி போகும்போது உத்திரம் எவ்வளவு நீளுகிறது என்று அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அச்சு எடை கிடைக்கும் என்றார். பாலம் மறுபடியும் தராசாகியது. பாலத்துறையில் படகுகள் ஐந்தும் பத்துமாகத் தாழ்ந்து காட்டியதை இரும்பு உத்திரம் மயிரிழை அளவில் காட்டுகிறது.

ஐரோப்பிய நாடுகள் பாலங்களுக்குப் பொது நியமம் எழுதியபோது இதைத்தான் செய்தன. பிரான்ஸில் பாரிசிலிருந்து லியோன் போகும் நெடுஞ்சாலையில் ஓசேர் என்ற இடத்தில் 1980களில் பதிவான கனரக வாகனங்களின் எடைதான் அந்த நியமத்தின் பிரதான பாரத்துக்கு அடிப்படை. அதில்கூட ஒவ்வொரு நாடும் தன் வீதிக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க இடம் வைத்தார்கள். ஓசேர் லொறியும் ஒருகொடவத்தை லொறியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

வீதிக்கு நேரும் சேதமும் எடையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. 1958 முதல் 1960 வரை இலினோயில் இதற்கென்றே வீதி போட்டு, இரவுபகலாக லொறிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதியின் தேய்மானம் ஏறக்குறைய 16 மடங்கு என்று தெரிந்தது. 8 தொன் போகவேண்டிய அச்சில் 10 தொன் போனால் சேதம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இரும்புப் பாலத்தின் களைப்புக் கணக்கும் இதே மாதிரிதான் ஏறும், சற்றுக் குறைவாக. ஆகவே சராசரி எடை தெரிந்து பெரிய பயனில்லை. ஆயிரத்தில் எந்தப் பத்து லொறி மிகக் கனமானவை என்பதே தெரியவேண்டும். அதற்குத்தான் மாதக்கணக்கில், மழையிலும் நள்ளிரவிலும் விடாமல் பதியும் கருவி வேண்டியிருக்கிறது.

ரயில்பாதையில் இந்தச் சிக்கல் இல்லை. கொழும்புக்கு அருகே 1885இல் கட்டிய, 160 மீற்றர் நீளமான தேனிரும்பு ரயில் பாலம் ஒன்றின் மீதி ஆயுளை இலங்கைப் பொறியியலாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து கணித்திருக்கிறார்கள். எந்தக் காலத்தில் எந்த எஞ்சின் ஓடியது, ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு எடை, நாளுக்கு எத்தனை ரயில் என்ற விவரம் கையில் இருந்ததால் அது சாத்தியமானது. ரயிலுக்கு நேர அட்டவணை உண்டு. வீதியில் நள்ளிரவு ஒரு மணிக்கு மணல் ஏற்றிப் போகும் டிப்பருக்கு அட்டவணை கிடையாது. நாடு முழுவதும் 4,000க்கும் அதிகமான பாலங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இருக்கின்றன. ஆயுள் கணிக்கவேண்டியவை அவற்றிலும் ஏராளம்.

பாலத்துறையில் தராசு போனாலும் ஒரு அளவுகோல் மட்டும் போகவில்லை. நாகலகம் வீதியில் களனி ஆற்றின் உயரத்தைக் காட்டும் அடிக்கோல் அது. 5 அடி ஏறினால் சிறு வெள்ளம், 7 அடி ஏறினால் பெரு வெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வகுத்திருக்கிறது. மழை வலுத்தால் நாகலகம் வீதியில் எத்தனை அடி என்று வானொலி சொல்லும். மட்டக்குளியிலும் வத்தளையிலும் கேட்டவர்கள் அந்த எண்ணை வைத்தே சாமான்களைத் தூக்கி மேலே வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். 1947 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைத்துப் பேசும் முதியவர்களும் அடிக்கணக்கில்தான் பேசினார்கள். ஒரு நகரம் தன் ஆற்றை எப்படி அறிந்து வைத்திருக்கவேண்டுமோ அப்படிக் கொழும்பு களனியை அறிந்து வைத்திருக்கிறது. கொழும்பு வீதிகளின் பாரத்துக்கும் அப்படி ஊரறிந்த ஓர் எண் வேண்டும். இங்குருக்கடைச் சந்தியில் இந்த ஆண்டு போன மிகக் கனத்த அச்சு இத்தனை தொன் என்று ஆண்டுதோறும் அச்சில் வரவேண்டும். பாலம் கட்டுகிற பொறியியலாளருக்கு அது தேவை. அதே அளவு, அந்தப் பாலத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும் தாய்க்கும் தேவை.

1959இல் களனி ஆற்றின் மேல் புதிய பாலம் ஒன்று வந்தது. விக்டோரியா பாலம் இருந்த இடத்தில் பின்னர் ஜப்பான் உதவியோடு நட்புறவுப் பாலம் எழுந்தது. 2021 நவம்பர் 24இல் திறந்த கல்யாணி பொன் நுழைவாயில் பாலம்தான் இப்போது அங்கே எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது. ஆறு தடங்கள், தூண்களிலிருந்து இறங்கும் கம்பி வடங்கள், நடு இடைவெளி மட்டும் 180 மீற்றர். கட்டுநாயக்க அதிவேகப் பாதையிலிருந்து துறைமுகப் பக்கம் வரும் கனரக வாகனங்கள் இதன் வழியாக இறங்குகின்றன. கொழும்புத் துறைமுகத்தின் கொள்கலன்களில் பெரும்பகுதி கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறுபவை. அவை வீதியைத் தொடுவதே இல்லை. மீதியெல்லாம் லொறியில்தான் வந்து போகின்றன. நிறைந்த கொள்கலன் ஒன்றின் உச்ச எடை 30 தொன்னுக்கு மேல். இழுக்கும் லொறியின் எடை வேறு.

இரவு பதினொரு மணிக்குப் பாலத்தின் இணைப்பருகே நின்றால் அவை போவதைக் காதாலேயே எண்ணலாம். பஸ்ஸுக்கு இரண்டு தட்டு. கொள்கலன் லொறிக்கு ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று, பிறகு நெருக்கமாக இரண்டோ மூன்றோ. வெறும் பெட்டியானால் கடைசித் தட்டுகள் உலோகம் ஆடும் ஓசையாய் அதிரும். நிறைந்த பெட்டியானால் ஓசை அடங்கி, கனத்து, நிற்பவரின் பாதத்தில் தெரியும்.

2016 ஜூலை 1 முதல் கடற்பயணப் பாதுகாப்புச் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. ஏற்றுமதிக் கொள்கலன் ஒவ்வொன்றும் கப்பலில் ஏறுமுன் அதன் மொத்த எடை உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். எடை தெரியாத பெட்டியைக் கப்பல் ஏற்காது. ஏற்றிய பாரம் தெரியாமல் கப்பலைச் சமநிலையில் வைக்க முடியாது என்பதால் வந்த விதி அது. ஆகவே பியகமையிலிருந்தோ கட்டுநாயக்கவிலிருந்தோ தைத்த ஆடைகளோடு புறப்படும் பெட்டிக்குக் கிலோகிராம் சுத்தமாக ஓர் எடை எழுதப்படுகிறது. அந்த எண் ஏற்றுமதியாளருக்குத் தெரியும், கப்பல் கம்பனிக்குத் தெரியும், பெட்டிகளை எந்த அடுக்கில் வைப்பது என்று திட்டமிடும் முனையத்துக்கும் தெரியும். லொறி களனி ஆற்றைத் தாண்டி, கிராண்ட்பாஸ் கூரைகளுக்கு மேலாக வந்து, துறைமுக வாசலில் நிற்கிறது. பாலத்தின் இணைப்பில் அடுத்த லொறியின் முன் அச்சு ஏறுகிறது.